பெட்டி போகாத வருஷங்கள்

சென்ற மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்த கிராமத்துக்கு இப்போது கிராம நிர்வாக அலுவலராக வந்திருப்பவர் பேசினார். "அம்மா, ஊராட்சி ஆபீசுக்கு வெள்ளையடிச்சு முடிச்சாச்சு. வாசச் சுவத்துல ஊர் வரலாறுன்னு எழுதிப் போடணுமாம். கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. பழைய கணக்குப்புள்ள அம்மாவக் கேளுங்கன்னு உங்க நம்பரக் குடுத்தாக" என்றார்.

ஓய்வு பெற்றபின் மதுரை ஆனையூர் வீட்டில் எனக்கு இருக்கிற தலைபோகிற வேலை கீரை ஆய்வதுதான். ஆய்ந்துகொண்டே, "சுவர் எத்தனை அடி தம்பி?" என்று கேட்டேன். ஆறுக்கு நாலு என்றார். ஆறுக்கு நாலில் அடங்குகிற வரலாற்றைப் போனிலேயே சொல்லி முடித்துவிட்டேன். கண்மாய் யார் காலத்தில் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது, பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் போகிற சமயத்தில் வந்தது, பிறகு கரண்டு வந்தது, அதன் பிறகு பஸ் வந்தது. அவருக்குப் பரம திருப்தி. எனக்குத்தான் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அந்தச் சுவரில் எழுத முடியாத பகுதியை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பகுதியை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊருக்குச் செங்கரைப்பட்டி என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். மதுரையிலிருந்து கிளம்பிச் சமயநல்லூரில் இறங்கி, மேற்கே போகிற வேறொரு பஸ்ஸைப் பிடித்தால், அது வருமா வராதா என்ற கவலையோடு நிற்கிற நேரத்தையும் சேர்த்து, அரை நாளில் போய்விடலாம். நூற்றைம்பது வீடு இருந்தால் அதிகம்.

நான் மதுரைக்காரி. மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலில் தமிழும் பேசி வளர்ந்தவள். தேர்வு எழுதினேன், தேறினேன், பயிற்சியில் நிலமளக்கும் சங்கிலியை இழுத்துக் கை காய்த்துப்போனது. தொண்ணூறுகளின் நடுவில் செங்கரைப்பட்டிக்குக் கிராம நிர்வாக அலுவலராகப் போட்டார்கள். சாயப்பட்டறைக் குடும்பத்துப் பெண் மேற்கத்தி ஊருக்குள் தனியாகப் போவதா என்று அம்மா எங்கள் பாஷையில் ஒரு பாட்டம் அழுதாள். அழுதிருக்கவே வேண்டாம். அந்த ஊர் என்னைத் தன் வீட்டுப் பெண்ணாகத்தான் பார்த்தது. கணக்குப்பிள்ளைப் பதவியை அரசாங்கம் ஒழித்து வெகுகாலம் ஆகியிருந்தும் நான் அவர்களுக்குக் கணக்குப்புள்ள அம்மாதான். ஒரு நாள் நான் மதியம் சோறு கொண்டுபோக மறந்தால், மறு வாரம் முழுக்கச் சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் வேலையில் அப்போது பெரிய தலைவலி வயது. பிறப்புச் சான்றிதழ் என்பதே அந்தத் தலைமுறைக்குக் கிடையாது. பென்ஷன் கேட்டு வருகிறவரிடம் "வயசு என்ன?" என்றால், "ஒரு அம்பது, அறுவது இருக்கும். பாத்துப் போட்டுக்கங்க தாயி" என்பார்கள். நான் என்ன காய்கறியா வாங்குகிறேன், பார்த்துப் போட்டுக்கொள்ள? அதனால் ஊரில் நடந்த பெரிய சம்பவங்களை வரிசையாக வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கண்மாய் உடைந்தபோது நடந்தீர்களா, தவழ்ந்தீர்களா? கரண்டு வந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? யுத்த காலத்தில் ரேஷனுக்கு வரிசையில் நின்ற ஞாபகம் இருக்கிறதா? நாலு பேரிடம் இப்படிக் கேட்டு ஒட்டிப் பார்த்தால் ஓரிரு வருஷ வித்தியாசத்தில் வயது பிடிபட்டுவிடும். ஓர் ஊரின் வரலாற்றை நான் படித்தது இப்படித்தான்.

செங்கரைப்பட்டியில் இதற்கு இன்னும் சுலபமான வழி ஒன்று இருந்தது. வருஷா வருஷம் மாசி மாதம் குலசாமி கோயிலுக்கு ஊரிலிருந்து பெட்டி போகும். பெட்டிக்குள் சாமியின் துணிமணி, மணி, அரிவாள் எல்லாம் இருக்கும். பெட்டி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் காது குத்துவார்கள், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. ஒரே மாசியில் காது குத்திக்கொண்டவர்கள் ஒரே வயதுக்காரர்கள் என்பது ஊர்க் கணக்கு. "அவனும் நானும் ஒரே குத்து" என்பார்கள். வருஷா வருஷம் நடக்கிற காரியம் என்பதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் சில மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். கண்மாய் உடைந்ததற்கும் யுத்த ரேஷனுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அந்த வருஷங்களில் காது குத்திக்கொண்டேன் என்று சொல்கிற ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு மாசியில் மட்டும் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர். எங்கள் தலையாரி ஒச்சுவிடம் கேட்டேன். ஊரில் கோழி காணாமல் போனால்கூட யார் வீட்டுக் குழம்பு என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அன்று மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அது பேசக் கூடாதும்மா. பெட்டி முன்னால பெரியாளுக சத்தியம் பண்ணிருக்காக. பேசுனா பெட்டி மறுபடி நின்னுரும்" என்றார்.

இந்த நேரத்தில்தான் விருமாயி மனு கொடுத்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. களை எடுத்தும் புல் அறுத்தும் தன் சோற்றைத் தானே சம்பாதித்தவர். இடுப்பு ஒத்துழைக்காமல் போனபிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தம்பி மாயன் நாலு வீடு தள்ளி வசதியாகவே இருந்தார். மதுரையில் ஒரு மில்லில் மேஸ்திரி. ஆனால் தம்பி பெண்டாட்டி கையால் சாப்பிடுவதில்லை என்று விருமாயி எப்போதோ முடிவு பண்ணியிருந்தார். அந்தக் கதைக்குள் நான் போகவில்லை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். முதியோர் பென்ஷன் கிடைத்தால் அடுப்பு எரியும், கிடைக்காவிட்டால் தம்பி வீட்டு வாசலில் தட்டோடு நிற்க வேண்டும். "அதுக்கு நான் கண்மாய்ல விழுந்துருவேன் தாயி" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சந்தைக்குப் போறேன் என்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் பயந்துபோனேன்.

அறுபத்தைந்து முடிந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ரேஷன் கார்டில் விருமாயிக்கு ஐம்பத்தாறு. மாயனுக்கும் அதே ஐம்பத்தாறு. மாயன் படித்தவர், பள்ளிச் சான்றிதழ் வைத்திருந்தார், அது சரியான வயது. "தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே வயசா? எப்படி?" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே குத்து" என்றார். சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். எதிரே நிற்கிற மனுஷியைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, மனுதாரர் மிகவும் பாவப்பட்டவர், வயது கூடுதலாக இருக்கும் என்று தெரிகிறது, பரிந்துரைக்கிறேன் என்று எழுதி மேலே அனுப்பினேன்.

மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் சங்கரலிங்கம். என் வேலைக் காலத்தில் பல அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன், இவரைப் போல் ஒருவரைப் பிறகு பார்க்கவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. குரலே உயராது, ஆனால் அந்தத் தாழ்ந்த குரலில் திட்டு வாங்கியவர்கள் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்கள். என் அறிக்கையை விரலால் என் பக்கம் தள்ளினார்.

"பாவம்னு எழுதியிருக்கீங்க. பாவத்துக்குப் படிவத்துல எடம் எங்கம்மா இருக்கு?"

"பாத்தாலே தெரியுது சார், எழுபதுக்குக் கிட்ட இருப்பாங்க."

"தெரியுதுல்ல? அப்ப ஏன் கார்டுல அம்பத்தாறு இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்டேன், ஊரே வாயை மூடிக்கொள்கிறது என்று பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பென்சிலை மேஜையில் உருட்டிக்கொண்டே கேட்டார். வேறு அதிகாரியாக இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார். இவர், "வெள்ளிக்கிழம நானே வாரேன். அந்த ஒரே குத்துக்காரங்கள எல்லாம் சாவடிக்கு வரச்சொல்லுங்க. தம்பிக்காரரையும்" என்றார்.

அவர் விசாரணைக்கு வருகிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஜீப்பை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். "ஜீப்பு உள்ள வந்தா பாதி ஊரு காட்டுக்குப் போயிரும்" என்பார். நாற்காலி போட்டால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து தரையில் உட்காருவார். விசாரணை முடிகிறவரை இளநீர் என்ன, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். முதலில் பென்சிலால் குறித்துக்கொள்வார், கடைசியில்தான் பேனா. யாராவது பதில் சொல்லத் தடுமாறும்போது நம்மைப் போன்றவர்கள் ஆர்வக்கோளாறில் எடுத்துக்கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். "கேள்வியும் நீங்க, பதிலும் நீங்கன்னா, அவங்க எதுக்கு வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க?" என்பார். அதை எத்தனையோ பேரிடம் நானும் பிற்பாடு சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சாவடி நிறைந்திருந்தது. ஒரே குத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். விருமாயி தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். மாயன் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடப் பிறந்தவள் அரசாங்கத்திடம் கையேந்துவது அவருக்கு அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் இல்லை என்று சற்று நேரத்தில் தெரிந்தது.

தாசில்தார் வயதைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. மழை பற்றிக் கேட்டார், பருத்தி விலை கேட்டார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். கடுக்கன் போட்ட துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாக இருந்தது.

"எனக்குக் குத்துறப்ப எங்க மாமன் மடியில நான் ஒண்ணுக்கிருந்துட்டேனாம். இன்னைக்கும் ஊருக்குப் போனா அதச் சொல்லித்தான் சிரிப்பாக. நீங்கள்லாம் யாரு யாரு மடியில உக்காந்தீக?"

சாவடியே கலகலத்துவிட்டது. ஆளுக்கு ஆள் மாமன் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் ஆசாரியின் விரலைக் கடித்ததைச் சொன்னார். ஒரு அம்மாள் வாயில் போட்ட சர்க்கரைக்காக இன்னொரு காதையும் குத்தச் சொன்னதைச் சொன்னார். தாசில்தார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே தூண் பக்கம் திரும்பினார்.

"நீங்கம்மா?"

விருமாயி சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு நின்றுபோனது. வயதான பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் மடியில உக்காரலய்யா. நின்னுக்கிட்டுத்தான் குத்துனாக."

எனக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. தாய்மாமன் என்பவர் பெண்ணைக் கட்டிக்கொள்ளக்கூடிய முறை. வயதுக்கு வந்த பெண்ணை அவர் மடியில் உட்கார வைக்கமாட்டார்கள். விருமாயி வெறுங்காதோடு பெரியமனுஷி ஆகியிருக்கிறார். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது. பெட்டி போகாத வருஷங்கள் அவருடைய குழந்தைப் பருவம் முழுவதையும் தின்றிருக்கின்றன. கடைசியில் பெட்டி போன மாசியில் கைக்குழந்தைகளோடு சேர்த்து அவருக்கும் குத்தினார்கள். பின்னாளில் கார்டு எழுத வந்தவர்களிடம் அவருடைய அப்பா, ரெண்டும் ஒரே குத்து என்று சொல்லி அந்தத் தலைகுனிவை மூடிவிட்டார். அதை ஊரும் தெரிந்தே விட்டுவிட்டது.

தாசில்தார் பென்சிலைக் கீழே வைத்தார். "ஏன் நின்னீங்கன்னு நான் கேக்கல. பெட்டியப் பத்தியும் கேக்கல. இந்தம்மா தம்பியவிட எம்புட்டு மூப்பு, அத மட்டும் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றார்.

ஆளுக்கு ஆள் வெளியே வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தது, அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் அவர் எழுந்துவிடுவார், மனு தள்ளுபடி, விருமாயி கண்மாய் பக்கம் நடப்பார் என்று என் மனம் ஓடியது.

அப்போது முன்வரிசையில் சோலைமலை கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். எண்பதை ஒட்டிய மனிதர். மாயன் குடும்பத்துக்குப் பங்காளி. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு மேல் பேச்சுக் கிடையாது. வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மாயா, உள்ள வந்து சொல்லுடா."

"அண்ணே, சத்தியம் இருக்குண்ணே."

"அந்தச் சத்தியத்த நானே உடைக்கிறேன். எங்கய்யாவும் ஒங்கய்யாவும் பெட்டிய யாரு தூக்குறதுன்னு மல்லுக்கு நின்னாக. பெட்டியும் நின்னுபோச்சு. ரெண்டு பேருக்கும் வீம்பு. இந்தப் புள்ள என்னடா பண்ணுச்சு? வெறுங்காதுல சமைஞ்சவள எவனும் கட்ட மாட்டேன்னு, கெழட்டுப் பயலுக்கு ரெண்டாந்தாரமாத் தள்ளிவிட்டீக. அதுல பாதிப் பாவம் எங்க வீட்டுது. நீ சொல்லு. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மாயன் உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், கோயிலில் நிற்பதுபோல. அப்பாவின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு வாழ்நாள் நின்ற மனிதர் அவர்.

"அன்னைக்கு எனக்கு மூணு வயசுய்யா. கோயில் வரைக்கும் என்னைய இடுப்புல தூக்கிட்டு நடந்தது எங்கக்காதான். அக்கா சமைஞ்சு அப்பவே ஒரு வருசம் ஆயிருந்துச்சுன்னு எங்காத்தா சாகுறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செத்துச்சு."

அக்கா என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கணக்குப் போட எனக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை. பன்னிரண்டில் சமைந்திருந்தால்கூட அன்று அவருக்குப் பதிமூன்று, தம்பியைவிடப் பத்து வயதுக்குக் குறையாத மூப்பு. அறுபத்தைந்தைத் தாண்டி நிற்கிறார் விருமாயி.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மறுபடியும் பார்த்தார், இந்தத் தடவை ஆளைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியிலேயே உத்தரவு வந்தது. விருமாயி கண்மாய்க்குப் போனார், துணி துவைக்க. அடுத்த மாசியில் பெட்டி வழக்கம்போலக் கிளம்பியது. சோலைமலை வீட்டு ஆட்களும் மாயன் வீட்டு ஆட்களும் தோள் மாற்றிக்கொண்டு தூக்கிப் போனார்கள். சாமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. சங்கரலிங்கம் சார் மறு வருஷமே மாற்றலாகிப் போனார். துணைத் தாசில்தாராக நான் ஓய்வு பெறுகிறவரை நூற்றுக்கணக்கான விசாரணைகளுக்குத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். சோலைமலைக்கும் ஒன்று உண்டு. சாமிக்குப் பயந்த மனிதர் ஒருவர் சாமியிடம் பதில் சொல்கிற பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தேன். இந்த வேலைக்கு வராமல் மகால் சந்திலேயே இருந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

ஆனால் அந்தக் காலைப்பொழுது நான் சொன்ன இடத்தில் முடியவில்லை. வாக்குமூலம் என்றால் எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். பலர் அவசரத்தில் அதைச் செய்வதில்லை. சங்கரலிங்கம் சார் பேனாவால் எழுதி முடித்து, மூடி போட்டார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு விருமாயியின் எதிரே நகர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். மனுதாரர் தம் தம்பியைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். காதணி விழா நடந்த நாளில் அவர் தம் தம்பியை ஊரிலிருந்து கோயில் வரை இடுப்பில் சுமந்து சென்றதாகத் தம்பியே கூறுகிறார்.

"சரியா இருக்காம்மா? இல்ல எதையும் மாத்தணுமா?"

விருமாயி தூணைவிட்டு முன்னால் வந்திருந்தார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கொஞ்சம் விட்டுப்போச்சுய்யா. பாதி வழியில எனக்கு இடுப்பு வலிச்சு, இனி நடந்து வாடான்னு எறக்கிவிட்டேன். எறங்க மாட்டேன்னு ஒரே அழுக. சரின்னு திரும்பவும் தூக்கிக்கிட்டேன். அதையும் எழுதிக்கங்க."

தாசில்தார் பேனாவின் மூடியைக் கழற்றி அதையும் எழுதினார்.